சொந்தக் காருடன் பந்தயத் தடத்துக்குச் செல்வோர் கவனத்துக்கு: முதலில் தளர்வது என்ஜின் அல்ல, பிரேக்

புதுடெல்லி: மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தை எட்டக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார்கள் இந்தியாவில் விற்பனைக்கு வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால், அந்த வேகத்தில் சட்டப்படி ஓட்டுவதற்கு நாட்டில் ஒரு பொதுச்சாலைகூட இல்லை. விரைவுச் சாலைகளில் கார்களுக்கு மத்திய அரசு 2018ஆம் ஆண்டு நிர்ணயித்த உச்ச வரம்பே மணிக்கு 120 கி.மீ.தான். கிரேட்டர் நொய்டாவையும் ஆக்ராவையும் இணைக்கும் யமுனா விரைவுச் சாலையில் அது 100 கி.மீ.

அந்தச் சாலையையொட்டியே புத் இன்டர்நேஷனல் சர்க்யூட் அமைந்துள்ளது. 5.125 கி.மீ. நீளமும் 16 வளைவுகளும் கொண்ட இத்தடத்தில் 2011 முதல் 2013 வரை மூன்று பார்முலா 1 பந்தயங்கள் நடைபெற்றன. மூன்றிலும் ஜெர்மனியின் செபாஸ்டியன் வெட்டலே வென்றார். பார்முலா 1 வெளியேறிய பிறகு, கார் உரிமையாளர்கள் தங்கள் சொந்தக் காரையே கொண்டுவந்து ஓட்டும் 'டிராக் டே' நாட்கள் இங்கு நடத்தப்படுகின்றன. சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டை, கோவை கரி மோட்டார் ஸ்பீட்வே ஆகிய தடங்களிலும் இவ்வழக்கம் உண்டு.

இது பந்தயம் அல்ல

டிராக் டே என்பது போட்டி அல்ல. புதியவர்களுக்கான நாட்களில் பரிசு கிடையாது. சுற்று நேரத்தைக் குறிப்பதைக்கூடப் பல ஏற்பாட்டாளர்கள் அனுமதிப்பதில்லை. ஓட்டுநர்கள் அனுபவத்தின் அடிப்படையில் குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு குழுவும் சுமார் 15 முதல் 20 நிமிடங்கள் தடத்தில் இறங்கும். புதியவர்களின் குழுவில் நேர்ப்பாதையில் மட்டுமே முந்தலாம். அதுவும் முன்னால் செல்பவர் கைகாட்டி வழிவிட்ட பிறகே.

காலையில் நடைபெறும் விளக்கக் கூட்டத்தில் கொடிகளின் பொருள் சொல்லப்படும். மஞ்சள் கொடி அசைந்தால் முன்னே ஆபத்து, முந்தக் கூடாது. சிவப்பு என்றால் அமர்வு நிறுத்தப்பட்டது. வேகத்தைக் குறைத்துப் பிட் லேனுக்குத் திரும்ப வேண்டும். நீலம், பின்னால் வேகமான கார் வருகிறது என்பதற்கான அறிவிப்பு. இக்கூட்டத்தில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களையும் எல்லாத் தடங்களிலும் காணலாம். முதல் மஞ்சள் கொடியில் தடுமாறுபவர்கள் பெரும்பாலும் அவர்களே.

200-லிருந்து 70-க்கு

முதன்முறை தடத்தில் இறங்கும் உரிமையாளர்கள் பொதுவாக என்ஜினைப் பற்றியே கவலைப்படுகின்றனர். ஆனால், தற்கால என்ஜின்கள் இத்தகைய சில நிமிட ஓட்டத்தை எளிதில் தாங்குகின்றன. முதலில் தளர்ந்துபோவது பிரேக் அமைப்புதான்.

காரணம் எளிய இயற்பியல். ஓடும் காரின் இயக்க ஆற்றல், வேகத்தின் இருமடிப் பெருக்கத்துக்கு ஏற்ப உயர்கிறது. மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் செல்லும் காரில், 100 கி.மீ. வேகத்தில் இருப்பதைப் போல் நான்கு மடங்கு ஆற்றல் உள்ளது. நெடுஞ்சாலையில் 100-லிருந்து முழுவதுமாக நிறுத்தும்போது உண்டாகும் வெப்பத்தைவிட, தடத்தில் 200-லிருந்து 70-க்குக் குறைக்கும்போது மூன்றரை மடங்கு வெப்பம் உண்டாகிறது. புத் தடத்தில் மூன்றாவது வளைவுக்கும் நான்காவது வளைவுக்கும் இடையே ஒரு கிலோமீட்டருக்கும் சற்று நீளமான நேர்ப்பாதை உள்ளது. அதன் முடிவில் மட்டுமல்ல, ஒரே சுற்றில் பல இடங்களில் இவ்வாறு பலமாக பிரேக் பிடிக்க வேண்டியுள்ளது. டிஸ்க் குளிர்வதற்குள் அடுத்த வளைவு வந்துவிடுகிறது.

இந்த வெப்பம் பிரேக் ஆயிலைச் சென்றடைகிறது. 'டாட் 4' தர ஆயில் புதியதாக இருக்கையில் அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரவிதி. ஆனால், இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. ஈரம் சேர்ந்த நிலையில் விதிக்கப்பட்டுள்ள குறைந்தபட்சக் கொதிநிலை 155 டிகிரிதான். ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். திரவத்தை அழுத்த முடியாது. ஆவியை அழுத்த முடியும். எனவே பெடல் பஞ்சுபோல் உள்ளே செல்லும், கார் நிற்காது. இரண்டு மூன்று ஆண்டுகளாக மாற்றப்படாத ஆயிலுடன், பல லட்சம் ரூபாய்க் காரில் தடத்துக்கு வருவோர் சந்திக்கும் நிலை இதுவே. புதிய ஆயில் மாற்ற ஆகும் செலவு, அத்தகைய காரின் ஒரு டயர் விலையைவிடக் குறைவு.

ஆகவேதான் ஒவ்வோர் அமர்விலும் கடைசிச் சுற்றை பிரேக்கை அதிகம் பயன்படுத்தாமல் மெதுவாக ஓட்டுமாறு பயிற்றுநர்கள் வலியுறுத்துகின்றனர். வண்டியை நிறுத்திய பின் ஹேண்ட் பிரேக் போடக் கூடாது என்பதும் அவர்கள் சொல்லும் விதி. கொதிக்கும் டிஸ்க்கில் பேட் அழுந்தி நின்றால் அது ஒட்டிக்கொள்ளக்கூடும். கியரில் விட்டு, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைப்பதே முறை.

பக்கத்து இருக்கையின் மதிப்பு

அதிக குதிரைத்திறன் கொண்ட காரை, திறன் குறைந்த சிறிய கார் வளைவுகளில் நெருங்கிவிடுவது டிராக் டே நாட்களில் வழக்கமான காட்சி. நேர்ப்பாதையில் பெற்ற இடைவெளியைப் பெரிய காரின் ஓட்டுநர் வளைவில் இழந்துவிடுகிறார். தாமதமாக பிரேக் பிடிப்பது, ஸ்டீயரிங்கைத் திருப்பியபடியே பிரேக்கை மிதிப்பது, வளைவு முடியுமுன் ஆக்சிலரேட்டரை அழுத்துவது ஆகியவை அதற்குக் காரணம். டயருக்கு உள்ள பிடிமானம் ஓர் அளவுக்கு உட்பட்டது. அதைத் திரும்புவதற்கும் நிறுத்துவதற்கும் ஒரே நேரத்தில் முழுமையாகச் செலவிட முடியாது.

இதைத் திருத்த பக்கத்தில் அமரும் பயிற்றுநர் போதும். அவர் முதலில் சொல்வது வேகத்தைப் பற்றியே இருக்காது: பார்வையை உயர்த்துங்கள், காரின் முன்புறத்தைப் பார்க்காதீர்கள், செல்ல வேண்டிய இடத்தைப் பாருங்கள். புதிய டயர், சத்தமான சைலன்சர் ஆகியவற்றுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியைப் பயிற்றுநருக்குச் செலவிட்டவர்களே மாலையில் அதிக மகிழ்ச்சியுடன் திரும்புகின்றனர்.

காப்பீடு யார் பக்கம்?

பலர் கேட்கத் தவறும் கேள்வி இது. இந்தியாவில் தனியார் கார்களுக்கான வழக்கமான காப்பீட்டு ஆவணத்தில், ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றுக்காகக் காரைப் பயன்படுத்துவது காப்பீட்டு வரம்புக்கு வெளியே வைக்கப்பட்டுள்ளது. 'இது பந்தயம் இல்லையே' என்று உரிமையாளர் வாதிடலாம். எனினும், வேகச் சோதனை என்ற சொல்லே கோரிக்கையை மறுக்க நிறுவனத்துக்கு இடமளிக்கிறது. தடுப்பில் மோதினால் காரின் பழுதுச் செலவு முழுவதும் உரிமையாளர் தலையில் விழக்கூடும். தடுப்பைச் சீரமைக்கும் தொகையையும் ஓட்டுநரிடமே வசூலிக்கும் தடங்கள் உண்டு. நுழைவாயிலில் கையெழுத்திடும் பொறுப்புத் துறப்புப் படிவத்தில் இவை எழுதப்பட்டிருக்கும். காப்பீட்டு நிறுவனத்திடம் முன்கூட்டியே எழுத்துமூலம் பதில் பெறுவது நல்லது. வாய்மொழி உறுதி பயன்படாது. காரின் உத்தரவாத விதிகளையும் அதே வேளையில் படித்துவிடலாம்.

இத்தனை சிக்கலுக்குப் பிறகும் தடம் ஏன்? சாலையில் இதைச் செய்பவர்களின் கணக்கு வேறு. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022ஆம் ஆண்டில் நாட்டில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களில் 10-ல் 7 பேரின் மரணத்துக்கு அதிவேகமே காரணம் எனப் பதிவாகியுள்ளது. தடத்தில் எதிரே லாரி வருவதில்லை, குறுக்கே யாரும் நடப்பதில்லை. மருத்துவ வாகனம் தயாராக நிற்கிறது.

வீடு திரும்பும் பயணம் தனிக் கவனத்துக்குரியது. நாள் முழுவதும் அதிவேகத்துக்குப் பழகிய கண்ணுக்கு, மாலையில் யமுனா விரைவுச் சாலையில் 100 கி.மீ. வேகம் ஊர்வதுபோல் தோன்றும். அறியாமலேயே கால் அழுத்தத்தைக் கூட்டும். எனவே தேநீர் குடித்து அரை மணி நேரம் ஓய்வெடுத்த பின் புறப்படுவது நல்லது. அதற்குள் டயர்களும் குளிர்ந்திருக்கும். தடத்துக்காக மாற்றிய காற்றழுத்தத்தைச் சரிசெய்து, சக்கர நட்டுகளை முறுக்கிப் பார்த்து, பிரேக் பெடலை ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். பெடல் இன்னும் மென்மையாகவே இருந்தால், காரை ஓட்டாமல் லாரியில் ஏற்றி அனுப்புவதே சரி.