இரும்பைத் தூய்மையாக்கும் நுண்ணுயிர்

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் லேத்துப் பட்டறை நடத்தும் பெரியவர் ஒருவர் நம்மிடம் வினவினார்: "சாமி, இரும்புக் கல்லைக் கிருமி சுத்தம் பண்ணுமாமே, மெய்தானா?" அம்பத்தூரிலும் ஆவடியிலும் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறிடுவது இரும்பே. ஆதலின் இக்கேள்வி நம் அனைவருக்கும் உரியது.

நிலத்தில் வெட்டியெடுக்கும் தாதுவில் இரும்போடு சிலிக்கா என்னும் மணற்சத்தும், களிமண்ணிலுள்ள அலுமினாவும் கலந்திருக்கும். நம் நாட்டுத் தாதுவில் இரும்பு மிகுதி, அலுமினாவும் மிகுதி. அலுமினா மிகுந்தால் ஊதுலையில் உருகிய கசடு கூழ்போல் இறுகி எளிதில் ஓடாது. கல்கரியும் கூடுதலாகச் செலவாகும். எனவே தாதுவைக் கழுவுகின்றனர். கழுவுநீரோடு மாவுபோன்ற நுண்துகள்கள் சேறாகப் போய்விடுகின்றன. அச்சேற்றிலும் இரும்பு உண்டு. ஆயினும் பிரித்தெடுப்பது கடினமாதலால், அணைகட்டித் தேக்கிவைக்கின்றனர்.

இதனால் விளையும் ஆபத்து சிறிதன்று. 2019 சனவரி 25 அன்று பிரேசில் நாட்டுப் புருமாடின்யோவில் இத்தகைய அணையொன்று உடைந்தது. நண்பகல் வேளையில் உணவுக்கூடத்திலிருந்த தொழிலாளர் பலரும் சேற்றில் புதையுண்டனர். மாண்டோர் 270 பேர்.

வீணாகும் இச்சேற்றிலிருந்து இரும்பை மீட்க இயலுமா? பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் கே. ஏ. நடராஜனும் நமிதா தேவும் 1990-களில் இவ்வழியில் ஆராய்ந்தனர். அவர்கள் பயன்படுத்தியது மண்ணில் இயல்பாக வாழும் 'பேனிபாசில்லஸ் பாலிமிக்சா' என்னும் பாக்டீரியா. அது இரும்பைத் தின்பதில்லை. இருவகைப் பொருள்களைச் சுரக்கிறது. ஒன்று, பிசின் போன்ற சர்க்கரைச் சேர்மம். அது இரும்புத்துகளில் ஒட்டி, நீரோடு இணங்கச் செய்து, அடியில் படியவைக்கும். மற்றொன்று புரதம், அது மணல், களிமண் துகள்களைப் பற்றி, நீரை வெறுக்கச் செய்யும். பின் காற்றுக்குமிழிகளைச் செலுத்தினால் அவை குமிழிகளோடு ஒட்டி மேலே மிதந்துவிடும். கீழே இரும்பு எஞ்சும்.

வியப்பு இன்னுமுண்டு. மணற்கல் துகளோடு வைத்து வளர்த்தால், அந்நுண்ணுயிர் அதற்கேற்ற புரதத்தை மிகுதியாகச் சுரக்கிறது. பழக்கினால் பழகுகிறது!

எனினும் அவசரப்படலாகாது. நுண்ணுயிர் வளர உணவும் காலமும் வேண்டும். சுரங்கமோ நாள்தோறும் ஆயிரக்கணக்கான டன்களைக் கையாள்வது. செம்பைப் பிரிக்க நுண்ணுயிர்கள் பெருமளவில் பயன்படுகின்றன. இரும்பிலோ இம்முறை இன்னும் சுரங்கங்களின் அன்றாட வழக்கமாகிவிடவில்லை.

ஆகவே பெரியவருக்கு நாம் அளித்த விடை இது: "மெய்தான் ஐயா, ஆனால் ஆய்வுக்கூடத்திலிருந்து ஆலைக்கு வரும் வழி நீண்டது." அவ்வழி குறுகுமாயின், வீணாகும் இரும்பு பயன்படும், சேற்றணைகளின் கீழ் வாழ்வோர் அச்சமின்றி உறங்குவர்.