பழைய கார் ஸ்டார்ட் ஆயிடுச்சு... ஆனா, நிற்குமா?

தாத்தா காருக்குப் புது பேட்டரி போட்டாச்சு, பெட்ரோல் ஊத்தியாச்சு. ரெண்டு இருமல் இருமிட்டு இன்ஜினும் ஸ்டார்ட் ஆயிடுச்சு. "கரிவலம்வந்தநல்லூர்ல இருந்து சங்கரன்கோவில் வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வரலாமா?" என்று வீட்டில் கேட்பார்கள். கொஞ்சம் பொறுங்க. பல வருஷம் நின்ற கார் ஓடுமான்னு பார்க்கும் முன், நிற்குமான்னு பார்க்கணும்.

எப்படி வேலை செய்கிறது?

1961-ல் சென்னையில் தயாரிப்பு தொடங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டை எடுத்துக்கொள்வோம். இதில் பிரேக், கிளட்ச் இரண்டுமே ஆயில் அழுத்தத்தில் இயங்குபவை. பிரேக்கை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ளும்; அது குழாய் வழியே போய் வீல் சிலிண்டர்களை இயக்கும். கிளட்சுக்குத் தனி மாஸ்டர் சிலிண்டரும், கியர்பாக்ஸ் அருகே ஸ்லேவ் சிலிண்டரும் உண்டு.

அந்தக் காலக் கார்களில் நாலு வீலுக்கும் பிரேக் லைன் ஒன்றுதான். ஓரிடத்தில் கசிந்தாலும் மொத்த பிரேக்கும் போச்சு. மிச்சம் ஹேண்ட் பிரேக் மட்டுமே.

சும்மா நின்றாலே கெடுமா?

கெடும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் அது 140 டிகிரி வரை இறங்கலாம். அதே ஈரம் சிலிண்டருக்குள் துருப்பிடிக்க வைக்கும். ரப்பர் வாஷர்கள் இறுகும். ஹோஸ் உள்ளே உப்பினால், காலை எடுத்த பிறகும் பிரேக் விடாது.

பெடல் சொல்லும் சேதி

* மிதித்தால் பஞ்சு மாதிரி இருக்கா? லைனில் காற்று.
* அழுத்திப் பிடித்தால் மெல்லக் கீழே இறங்குதா? வெளியே கசிவு இல்லையென்றால், மாஸ்டர் சிலிண்டர் வாஷர் தேய்ந்திருக்கலாம்.
* ஸ்லேவ் சிலிண்டர் சரியாகத் தள்ளியும் கியர் விழலையா? கிளட்ச் தட்டு துருவில் ஒட்டியிருக்கலாம்.

என்ன செய்யணும்?

எல்லா சிலிண்டரையும் கழற்றிப் பாருங்கள். உள்சுவரில் துருக்குழி இருந்தால் புது வாஷர் போட்டும் பயனில்லை. சிலிண்டரையே மாற்றணும், இல்லாட்டி ஸ்லீவ் போடணும். ஹோஸ்களையும் மாற்றிவிடுங்கள். இன்ஜின் ஆயில், பெட்ரோல், மண்ணெண்ணெய் வாஷரில் படவே கூடாது, ரப்பர் ஊதிவிடும்.

பிறகு புது ஆயில் ஊற்றி, மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரத்தில் உள்ள வீலில் தொடங்கி வரிசையாகக் காற்றை எடுக்கணும். பெடலை ஒரு நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். இறங்காமல், எங்கும் கசியாமல் இருந்தால் முதலில் வீட்டு முற்றத்தில் மெதுவாக உருட்டிப் பார்க்கலாம்.

வேலையை மெக்கானிக்கிடம் கொடுப்பதாக இருந்தால், அவரை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். அல்லது காரை லோடு வண்டியில் ஏற்றி அனுப்புங்கள். "ஒர்க் ஷாப் வரைக்கும்தானே" என்று நீங்களே ஓட்டிப் போகாதீங்க.