முகத்தை வெளுக்காத கேமரா

ஆடி மாதம் பெரியபாளையம் பவானி அம்மன் கோயிலுக்கு வரும் குடும்பங்கள் ஒன்றாக நின்று படம் எடுத்துக்கொள்ளும். ஸ்டுடியோவில் பிரிண்ட் போடும்போது முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கித் தருவார்கள். நாமும் அதை வாங்கிச் சுவரில் மாட்டியவர்கள்தான்.

இந்தப் பழக்கம் ஸ்டுடியோக்காரர் கண்டுபிடித்ததல்ல. கோடாக் நிறுவனத்தின் கலர் பிரிண்டுகளை, ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தை அளவாக வைத்துத்தான் பல ஆண்டுகள் சரிபார்த்தார்கள். நம் சினிமாவும் மேக்கப்பும் கூடுதல் விளக்குமாக அதையே பின்பற்றியது.

அதிலிருந்து விலகியவர்களில் ஒருவர் ஒளிப்பதிவாளர் ஜி.முரளி. 2012-ல் 'அந்தால ராட்சசி' என்ற தெலுங்குப் படம். 2014-ல் பா.இரஞ்சித்தின் 'மெட்ராஸ்'. ஒரு சுவருக்காக நடக்கும் சண்டைதான் கதை. அதற்குமுன் வடசென்னை என்றாலே சினிமாவில் இருட்டுச் சந்தும் கத்தியும்தான். முரளியின் கேமராவோ மாடிப்படி, தண்ணீர்க் குடம், கால்பந்து என்று மக்கள் வாழும் இடமாக அதைப் பார்த்தது. கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயிலில் சென்ட்ரல் போகிறவர்கள் ஜன்னல் வழியே தினமும் பார்க்கும் வீடுகள் போன்றவைதான் அவை.

பிறகு 'கபாலி' (2016), 'காலா' (2018). இரண்டிலும் ரஜினியின் நரைத்த தாடியை மறைக்கவில்லை. 'காலா' முடிவில் கறுப்பு, சிவப்பு, நீலப் பொடிகள் திரையை நிறைத்ததை நம் பிள்ளைகள் விசிலடித்துப் பார்த்தார்கள். நீலம் யாருடைய நிறம் என்று நம் தெருவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 'சார்பட்டா பரம்பரை'யில் (2021) வியர்வை மின்னும் கறுத்த உடம்புகளே அழகு.

போனில் வீடியோ எடுக்கும் மாணவர்களுக்கு ஒரு செய்தி. சென்னை தரமணியில் உள்ள அரசு எம்.ஜி.ஆர். திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் ஒளிப்பதிவுக்குப் பட்டப்படிப்பு இருக்கிறது. பிளஸ் டூவில் எந்தப் பாடம் கேட்கிறார்கள் என்பதை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.