மாம்பழ வாசனை வீசினாலும் கஞ்சா கஞ்சாதான்!

பாரூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தாய் வந்திருந்தார். மகனுக்கு ஓசூர் கம்பெனியில் வேலை. "ஐயா, பையன் பையில ஒரு பொட்டலம் இருந்துச்சு. மோந்து பார்த்தா மாம்பழ வாசனை. கஞ்சான்னா நாறுமே, இது வேற ஏதாவது மூலிகைங்களா?" என்று கேட்டார்.

இல்லை அம்மா, அதுவும் கஞ்சாவாக இருக்கலாம்.

எப்படி என்கிறீர்களா? நம் மாந்தோப்பையே பாருங்கள். நீலத்தையும் தசேரியையும் கலந்து 1971-ல் டில்லியில் 'மல்லிகா' மாம்பழத்தை உருவாக்கினார்கள். கஞ்சாவிலும் இதே வேலைதான். அதில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. வாசனையுள்ள இரண்டு வகைகளைக் கலந்து விதை எடுத்து, முளைத்தவற்றில் பழ மணம் வீசும் செடியைப் பொறுக்குகிறார்கள். மாங்கொட்டை போட்டால் தாய் மரம் மாதிரியே வராது. அதனால்தானே ஒட்டுக் கட்டுகிறோம்? அதுபோல, மணம் மாறாமலிருக்க அந்தச் செடியின் கிளையை வெட்டி நட்டுப் பெருக்குகிறார்கள். அமெரிக்காவிலும் ஹாலந்திலும் இது பெரிய தொழில்.

மணம் எங்கிருந்து வருகிறது? பெண் பூவின் மேலுள்ள நுண்ணிய சுரப்பிகளில் ஊறும் 'டெர்பீன்' எண்ணெய்களிலிருந்து. மாம்பழத்தில் உள்ள மிர்சீன், எலுமிச்சைத் தோலில் உள்ள லிமோனீன் இரண்டும் இதிலும் உண்டு. மிகச் சிறிய அளவில் உள்ள கந்தகச் சேர்மங்களும் பழ மணம் தருவதாக 2023-ல் வெளியான ஆய்வு சொல்கிறது.

போதை தருவதோ வேறு பொருள். 1964-ல் இஸ்ரேலில் மெக்கோலம், காவோனி இருவரும் பிரித்தெடுத்த டி.எச்.சி. அதற்கு வாசனை கிடையாது. ஆகவே மணம் இனிப்பாக இருப்பதால் போதை குறையாது. அமெரிக்காவில் பிடிபட்ட கஞ்சாவில் 1995-ல் சுமார் 4 சதவீதமாக இருந்த டி.எச்.சி., 2014-ல் சுமார் 12 சதவீதமாகிவிட்டது!

"சித்த வைத்தியத்திலேயே இருக்கே" என்று பிள்ளைகள் வாதாடுவார்கள். உண்மைதான். சுத்தி செய்து, அளவோடு, வேறு சரக்குகளோடு சேர்த்து, வைத்தியர் மேற்பார்வையில் கொடுக்கும் மருந்து அது. புகைப்பது மருந்தல்ல. பூங்கொத்தை வைத்திருப்பது 1985-ம் வருடச் சட்டப்படி குற்றமும்கூட.

கண் சிவப்பு, வாய் வறட்சி, மறதி, காரணமில்லாத பயம், சந்தேகம் இவை தெரிந்தால் கவனியுங்கள். இளவயதில் மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது; பாதிப்பும் அதிகம். அடிக்காதீர்கள், ஊரைக் கூட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். போதை மீட்புக்கு 14446 என்ற இலவச எண்ணும் உண்டு.

அந்தத் தாயிடமும் இதைத்தான் சொன்னேன். மூக்கு சொல்வதை நம்பி ஏமாறாதீர்கள். பிள்ளையின் முகத்தைப் பாருங்கள்.