சீனக்குடாவில் அரைபடும் கல்

திருகோணமலையின் நிலத்தடியில் சீமெந்துக்கு உதவும் சுண்ணாம்புக்கல் படுகை இல்லை. கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலை உட்பட இங்குள்ளவை பெரும்பாலும் பழமையான உருமாறிய பாறைகள். ஆனாலும் நாட்டின் பெரிய சீமெந்து ஆலைகளுள் ஒன்று சீனக்குடாவில்தான் இயங்குகிறது. 1982இல் தொழிலதிபர் ஏ.வை.எஸ். ஞானம் ஜப்பானியக் கூட்டில் தொடங்கிய டோக்கியோ சீமெந்து அது.

கல் இல்லாத ஊரில் ஆலை எப்படி வந்தது? துறைமுகத்தால் வந்தது. சுண்ணாம்புக்கல்லுடன் களிமண் சேர்த்துச் சூளையில் 1,450 பாகை செல்சியஸ் வரை சுட்டால், கறுத்த உருண்டைகளாகக் கிளிங்கர் கிடைக்கும். ஒரு தொன் கிளிங்கருக்கு ஏறத்தாழ ஒன்றரைத் தொன் மூலப்பொருள் தேவை. அதில் பெரும்பங்கு சுண்ணாம்புக்கல். வெளிநாட்டில் சுட்ட கிளிங்கர் கப்பலில் வந்து இறங்க, இங்கே சிறிதளவு ஜிப்சம் கலந்து மாவாக அரைக்கிறார்கள். ஜிப்சம் இல்லையென்றால், மேசன் குழைத்து முடிக்குமுன்னரே கலவை இறுகிவிடும்.

இலங்கையின் சுண்ணாம்புக்கல் புத்தளத்திலிருந்து வடமேற்குக் கரையோரமாக யாழ்ப்பாணம் வரை பரந்து கிடக்கிறது. புத்தளம் ஆலைக்கு அருவக்காட்டிலிருந்து கல் போகிறது. காங்கேசன்துறை ஆலை 1950இல் தொடங்கி, 1990இல் போரால் நின்றது. அதற்காகத் தோண்டிய குழிகள் இன்றும் மூடப்படாமல் கிடக்கின்றன.

வடக்கில் இந்தக் கல் வெறும் மூலப்பொருள் அல்ல, அதுதான் தண்ணீர்த் தொட்டியும். வற்றாத ஆறு இல்லாத குடாநாட்டில், மழைநீர் கல்லின் துளைகளிலும் வெடிப்புகளிலும் இறங்கிக் கடல்நீருக்கு மேலே நன்னீராக நிற்கிறது. கிணறுகள் அதை நம்பியே இருக்கின்றன. கரையோரத்தில் ஆழமாகக் கல்லை எடுத்தால் உவர்நீர் உள்ளே ஏறும் ஆபத்து உண்டு. பூநகரியின் பொன்னாவெளியில் சீமெந்துக்காகக் கல் அகழும் முயற்சியை 2023, 2024ஆம் ஆண்டுகளில் ஊர்மக்கள் எதிர்த்து நின்றது இந்த அச்சத்தால்தான். அந்த அச்சம் நியாயமானது. உவராகிப்போன கிணற்றை எந்த நட்டஈடும் நன்னீராக்காது.

கிளிங்கரை இறக்குமதி செய்தால் டொலர் வெளியே போகிறது, உண்மை. புகையும் குறையப்போவதில்லை, இடம்தான் மாறுகிறது. 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால், எரிபொருளின் புகையைக் கணக்கில் எடுக்காமலே, 44 கிலோ கரியமிலவாயு வெளியேறும். உலகின் கரியமிலவாயு வெளியேற்றத்தில் 7 முதல் 8 வீதம் சீமெந்துத் தொழிலுடையது.

ஆகவே கிளிங்கரின் பங்கையே குறைப்பதுதான் வழி. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் நிலக்கரிச் சாம்பலைக் கலந்த சீமெந்து ஏற்கெனவே சந்தையில் இருக்கிறது. தொடக்கத்தில் மெதுவாக இறுகினாலும், உப்புக்காற்று வீசும் கரையோர வீடுகளுக்கு அது நன்றாகவே தாக்குப்பிடிக்கும். கல் கட்டவும் சுவர் பூசவும் சீமெந்து வாங்கும்போது, கலப்புச் சீமெந்தா என்று பையில் பார்த்து வாங்குங்கள். பூசிய பின் குறைந்தது ஏழு நாளாவது ஈரம் காயாமல் நீர் விடுங்கள்.