கட்டடக் கலைஞர் கதை – 14: யார் மேஜையருகே?

ஐந்தாண்டு கட்டடக் கலை பயின்று பட்டமும் பெற்ற வாலிபன் ஒருவன், மேற்படிப்புக்கு எந்தச் சர்வகலாசாலைக்குப் போகலாம் என்று வாய் திறந்தால், ஊரின் குளிரையும் உபகாரச் சம்பளத்தையும் பட்டத்தின் கியாதியையும் பற்றி அபிப்பிராயம் சொல்ல நூறு பேர் முன்வருவார்கள். அங்கே யாருடைய மேஜையருகே உட்காரப் போகிறாய் என்று கேட்பவர் மட்டும் அபூர்வம். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்கா சென்றவர்களோ அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

ஹார்வர்டில் 1938 முதல் 1952 வரை கட்டடக் கலைத் துறைக்குத் தலைமை வகித்த வால்டர் குரோப்பியஸ், எளிய உருவத்தைக்கூடக் காகிதத்தில் கொண்டுவரத் தமக்குக் கை வரவில்லையென்று இளமையில் தாயாருக்குக் கடிதம் எழுதியவர். அதனால்தானோ என்னவோ, பலர் கூடி ஒரு கட்டடத்தைச் சிந்திப்பது அவரிடம் பெரிய பாடமாயிற்று. 1945-ல் நம் நாட்டிலிருந்து போய் அவரிடம் பயின்ற அச்யுத் கன்விந்தேதான் பிற்காலத்தில் கான்பூர் ஐ.ஐ.டி. வளாகத்தை அமைத்தார்.

சிகாகோவில் கதை வேறு. 1938-ல் அங்கே ஒரு கட்டடக் கலைக் கல்லூரியில் ஆசிரியப் பொறுப்பேற்ற மீஸ் வான் டெர் ரோ, ஜெர்மனியின் ஆகன் நகரத்துக் கல்வேலைக்காரர் ஒருவரின் மகன். கட்டடக் கலையில் பட்டம் எதுவும் பெறாதவர். அவர் வகுத்த பாடத்திட்டத்தில் மாணாக்கர்கள் செங்கல் சுவரை, கல் மேல் கல்லாக, ஒவ்வொரு கல்லையும் தனித்தனியே வரைந்து பழக வேண்டும். அந்தக் கல்லூரிக்கென்று அவரே கட்டி 1956-ல் திறக்கப்பட்ட கிரவுன் ஹால், 220 அடி நீளமும் 120 அடி அகலமும் கொண்டது; கூரையை மேலேயுள்ள நான்கு எஃகு உத்தரங்களிலிருந்து தொங்கவிட்டிருப்பதால், வகுப்பு நடக்கும் பெரிய தளத்தில் தாங்கு தூண் என்று ஒன்றுகூட இல்லை. சுவர் மறைக்காத அந்த மண்டபத்தில், ஒருவன் கோடு தப்பிப் போய் அழிப்பான் தேய்ப்பதை அடுத்த மேஜைக்காரன் கண்கூடாகக் காண்பான். இதைவிடக் கண்டிப்பான பரீட்சை வேறு வேண்டுமா?

எனக்கு அந்த வயதும் வசதியும் இருந்திருந்தால் நான் மூன்றாவது இடத்துக்கே போயிருப்பேன். ஃபிலடெல்ஃபியாவில் ஃபிராங்க் ஃபர்னஸ் கட்டிய சிவந்த பழைய நூலகக் கட்டடத்தில்தான் லூயி கானின் முதுகலை வகுப்பு நடந்தது. தாம் 1924-ல் பட்டம் பெற்ற அதே பென்சில்வேனியா சர்வகலாசாலைக்கு 1957-ல் ஆசிரியராகத் திரும்பிய அவர், ஒரு பள்ளிக்கூடத்தை எப்படிக் கட்டுவது என்பதற்கு முன்னால் பள்ளிக்கூடம் என்பது என்ன என்று கேட்டு மாணாக்கரைத் திகைக்க வைப்பார். பல நாட்டு வாலிபர்கள் அவர் பொருட்டே அங்கே போனார்கள்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. ஆசிரியர் போன பின்பும் பள்ளியின் பெயர் பல காலம் ஒளி வீசிக்கொண்டிருக்கும். விண்ணப்பம் போடுகிறவன் அந்தப் பழைய வெளிச்சத்தைப் பார்த்தே ஏமாறலாம். அகமதாபாத் நிர்வாகக் கல்லூரி வேலையாக வந்து திரும்பிய லூயி கான், 1974 மார்ச் 17 அன்று நியூயார்க் ரயில் நிலையத்தில் இறந்துபோனார். அந்தச் செங்கல் நூலகம் இன்றும் நிற்கிறது.