தங்க வினையூக்கிகளால் ஆல்ககால் ஆக்சிசனேற்றம்

தங்க வினையூக்கிகளால் ஆல்ககால் ஆக்சிசனேற்றம் என்பது, தாங்கி ஒன்றின் மேல் பதிக்கப்பட்ட மிக நுண்ணிய தங்கத் துகள்களின் துணையுடன், ஆக்சிசன் வளியைக் கொண்டு ஆல்ககால்களை ஆல்டிகைடு, கீட்டோன், கார்பாக்சிலிக் அமிலம் ஆகியவையாக மாற்றும் முறை ஆகும். இம்மாற்றத்துக்கு ஆய்வுக்கூடங்களில் நெடுங்காலமாகக் குரோமிக் அமிலம், பொட்டாசியம் பெர்மாங்கனேட்டு முதலியன பயன்பட்டு வந்துள்ளன. இவை வினையில் தாமே செலவழிந்து கழிவாகின்றன. குரோமியக் கழிவு நச்சுத்தன்மை மிக்கது. தங்க வினையூக்கியோ வினையின் முடிவில் மீள்கிறது. ஆக்சிசன் நீராக மாறுகிறது.

வரலாறு

கட்டித் தங்கம் எளிதில் வினைபுரியாதது. ஆகவே அது வினையூக்கியாகப் பயன்படாது என்றே பலரும் கருதினர். சில நானோமீட்டர் அளவுள்ள தங்கத் துகள்கள், 0 °செ-க்கும் குறைந்த வெப்பநிலையில் கார்பன் மோனாக்சைடை ஆக்சிசனேற்றம் செய்வதை யப்பானைச் சேர்ந்த மசாதாகே ஹருதா குழுவினர் 1987இல் வெளியிட்டனர். கார்பன் மேல் பதித்த தங்கம், காரக் கரைசலில் டையால்களை ஆக்சிசனேற்றம் செய்வதை இத்தாலியின் மிலான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரா பிராத்தி, மிக்கேலே ரோசி ஆகியோர் 1998இல் காட்டினர்.

துகளின் அளவு

துகள் சிறிதாகும்போது அதன் அணுக்களில் பெரும்பங்கு மேற்பரப்பில் அமைகிறது. விளிம்பிலும் மூலையிலும் உள்ள அணுக்களுக்கு அண்டை அணுக்கள் குறைவு. எனவே அவை பிற மூலக்கூறுகளைப் பற்றிக்கொள்ள வல்லவை. சூடேற்றும்போது துகள்கள் ஒன்றிணைந்து பெரிதானால் வினையூக்கத் திறன் குறையும். துகள்களைப் பிரித்து நிறுத்துவது தாங்கியின் பணிகளுள் ஒன்று. கார்பன், டைட்டானியம் டைஆக்சைடு, சீரியம் ஆக்சைடு முதலியன தாங்கிகளாகப் பயன்படுகின்றன.

வினை நிகழும் முறை

காரக் கரைசலில் முதன்மை ஆல்ககால் ஒன்று அமிலமாகும் ஒட்டுமொத்த வினையைச் சுருக்கமாகப் பின்வருமாறு எழுதலாம்:

ஆல்ககால் + ஆக்சிசன் → கார்பாக்சிலிக் அமிலம் + நீர்

இதன் படிநிலைகள்:

1. ஐதராக்சைடு அயனி, ஆல்ககாலின் ஐதராக்சில் தொகுதியிலிருந்து ஐதரசனை நீக்குகிறது, ஆல்காக்சைடு உருவாகிறது.
2. தங்கத்தின் மேற்பரப்பில் ஆல்காக்சைடின் கார்பன்–ஐதரசன் பிணைப்பு முறிந்து ஆல்டிகைடு உண்டாகிறது. எலக்ட்ரான்கள் தங்கத்தில் தங்குகின்றன.
3. ஆல்டிகைடுடன் ஐதராக்சைடு சேர்கிறது. மீண்டும் ஒரு கார்பன்–ஐதரசன் பிணைப்பு முறிய, அமிலம் உருவாகிறது. காரக் கரைசலில் அது உப்பாகவே இருக்கும்.

ஆக்சிசனின் பங்கு

மேற்கண்ட சமன்பாட்டைக் காண்போர், ஆக்சிசன் வளியின் அணுவே அமிலத்தில் சேர்கிறது என எண்ணக்கூடும். அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆக்சிசன்-18 ஓரிடத்தானைக் கொண்டு இதைச் சோதித்து 2010இல் முடிவுகளை வெளியிட்டனர். ஆக்சிசன்-18 வளியைச் செலுத்தியபோது அவ்வணு அமிலத்தில் காணப்படவில்லை. ஆக்சிசன்-18 கொண்ட நீரைப் பயன்படுத்தியபோது காணப்பட்டது. அதாவது, அமிலத்தில் சேரும் ஆக்சிசன் நீரிலிருந்தும் ஐதராக்சைடிலிருந்தும் வருகிறது. தங்கத்தில் தேங்கும் எலக்ட்ரான்களை ஏற்றுப் பெராக்சைடு வழியாக ஐதராக்சைடை மீட்டுத் தருவதே ஆக்சிசன் வளியின் பணி. அவ்வளி இல்லையெனில் எலக்ட்ரான்கள் தேங்கி வினைச்சுழற்சி தடைப்படும். தங்கத்துக்குக் காரம் பெரிதும் தேவைப்படுவதன் காரணமும் இதனால் விளங்குகிறது.

பயன்பாடு

தங்கத்துடன் பலேடியம் சேர்ந்த கலப்பு உலோகத் துகள்கள் காரமும் கரைப்பானும் இன்றியே முதன்மை ஆல்ககால்களை ஆல்டிகைடுகளாக மாற்றுவது 2006இல் வெளியிடப்பட்டது. மெத்தாக்ரோலினையும் மெத்தனாலையும் ஆக்சிசனுடன் வினைப்படுத்தி, அக்ரிலிக் நெகிழிக்கான மூலப்பொருளான மீத்தைல் மெத்தாக்ரிலேட்டைப் பெற, யப்பானின் அசாகி கசெய் நிறுவனம் 2008இல் தங்கம்–நிக்கல் ஆக்சைடு வினையூக்கியைத் தொழிலளவில் பயன்படுத்தத் தொடங்கியது.